உப்புத்தாளும் ஒரு முக்காலியும்

மெல்பர்னில் ஜூன் மாதம் மாலை 5 மணி தாண்டினால் இருட்டிவிடும். வேலை போன வருடம்தான் அது எனக்கு உறைத்தது. ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை என்று 2 வரி மின்னஞ்சல், அவ்வளவுதான். மனைவியிடம் அன்றே சொன்னேன். ஊரில் யாரிடமும் மூச்சு விடவில்லை. பாளையங்கோட்டை நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல் படத்தை மட்டும் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். இங்கே இரவு 9 மணி என்றால் அங்கே 4.30, டீக்கடைக்குக் கிளம்பும் நேரம். அந்த பெஞ்சின் படம் வந்தாலே போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

டாக்டரிடம் போனது மனசுக்காக இல்லை. நெஞ்சு இறுகியது, மாரடைப்போ என்று பயம். ஈசிஜியில் ஒன்றுமில்லை. அப்புறம் அவர் ஒரு தாளை நீட்டினார். மன உளைச்சலை அளக்கும் கேள்வித்தாள், கே10 என்பார்கள்; கடந்த 4 வாரங்கள் எப்படிப் போயின என்று 10 கேள்விகள். ஒன்றில் 'எப்போதாவது' என்று குறித்தேன். அடித்துவிட்டு 'பெரும்பாலும்' என்று மாற்றினேன். மொத்தம் 50-க்கு 31; எண் கூடக் கூட உளைச்சலும் கூடுதல். உளவியலாளரைப் பார்க்க ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். வருடத்துக்கு 10 முறை வரை, இங்குள்ள அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் கட்டணத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தரும். போனேன், பலனும் இருந்தது. ஆனால் எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக் கேட்டால் எனக்கு நாக்கு எழாது.

அந்த உளவியலாளர் அம்மாதான் மென்ஸ் ஷெட்டுக்குப் போகச் சொன்னார். ஆண்கள் கூடி மரவேலை மாதிரி ஏதாவது செய்துகொண்டே பேசும் பொதுப் பட்டறை அது. 1998-ல் இதே விக்டோரியா மாநிலத்தின் டொங்காலா என்ற சிற்றூரில் ஒன்று திறந்தார்கள். இன்று நாடு முழுக்க 1,000-க்கும் மேல். ஆண்களுக்கு முகம் பார்த்துப் பேச வராது, தோளோடு தோள் நின்றால் வரும் என்பது அங்கே வழக்கமான பேச்சு. நம் டீக்கடை பெஞ்சிலும் எல்லோரும் ரோட்டைப் பார்த்துத்தானே உட்கார்ந்திருப்போம்?

கையில் ஒரு பழைய முக்காலியையும் உப்புத்தாளையும் கொடுத்தார்கள். பக்கத்தில் ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர். "குறுக்கே தேய்க்காதே, ரேகை போகிற வாக்கில் தேய்" என்றார். அரை மணி நேரம் வேறு பேச்சில்லை. பிறகு மரத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "ஓய்வு பெற்று 9 வருஷம். இன்னும் ராத்திரி 3 மணிக்கு முழிப்பு வருது, முதல் டிராமுக்குப் போகணும்னு."

"எனக்கும் 3 மணிதான். ஆனா டிராம் இல்லை" என்றேன். சிரித்தார். வேலை போன கதையை அவரிடம்தான் முதன்முதலாக முழுசாகச் சொன்னேன்.

(நடு இரவில் பேச யாரும் இல்லையென்றால், மன நெருக்கடியில் இருப்பவர்களுக்கான ஆஸ்திரேலிய உதவி எண் லைஃப்லைன் 13 11 14. ஆங்கிலம் தடுக்கினால் 131 450-ஐ அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளரோடு லைஃப்லைனுக்கு இணைக்கச் சொல்லலாம். இந்த இரண்டாவது எண் பலருக்குத் தெரிவதில்லை.)

முக்காலியின் மூன்றாவது காலைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஊருக்கு போன் போட்டேன். நண்பன் எடுத்தான். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டுத் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். "என்னலே சத்தம் அது?" என்றான். உப்புத்தாள் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"என் கடையை மூடி 4 மாசம் ஆச்சுலே" என்றான். "குரூப்புல நீ ஒண்ணும் பேசல, நானும் சொல்லல."

நான் தேய்ப்பதை நிறுத்தவில்லை.