குருத்து: மக்காச்சோளக் காட்டு நாட்குறிப்பு

2018 செப்டம்பர் 23

விதை போட்டாயிற்று. மூன்று ஏக்கரும் ஒரே நாளில். அப்பா கட்டிலை விட்டு எழவில்லை, கேள்வி மட்டும் ஓயவில்லை. பாருக்குப் பார் எவ்வளவு, குத்துக்கு எத்தனை விதை, ஈரம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது. "ரெண்டடிப்பா. ஒத்தை விதைதான்பா. விரல் ஆழத்துக்கு ஈரம் இருக்குப்பா."

செப்டம்பர் 30

முளைப்பு நன்றாக இருக்கிறது. வியாழக்கிழமை திருச்சி.

அக்டோபர் 4

எங்கள் டோக்கனைக் கூப்பிடவே மதியம் ஆகிவிட்டது. ஃபைலின் பின்னட்டையில் ஸ்போடாப்டெரா என்ற அந்துப்பூச்சிப் பேரினத்தின் இனங்களை ஞாபகத்திலிருந்து எழுதிக்கொண்டிருந்தேன். உலகம் முழுக்கச் சுமார் 30 இருக்கும். எனக்குப் பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்தது.

நம் ஊர்க்காரர்களை முதலில் எழுதினேன். லிட்டுரா: கடலை, பருத்தி, ஆமணக்கு எதையும் விடாது, அம்மா இன்றைக்கும் புரோடீனியா என்றுதான் சொல்வாள். எக்சிகுவா: சின்ன வெங்காயத் தாளுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும் பச்சைப் புழு. மௌரிஷியா: கூட்டமாக வந்து இறங்கினால் நாற்றங்கால் மாடு மேய்ந்த மாதிரி ஆகிவிடும். அப்புறம் பெக்டினிகார்னிஸ். அதன்மேல் எனக்குத் தனிப் பிரியம். குளத்தில் மிதக்கும் ஆகாயத்தாமரைதான் அதற்குச் சோறு. அந்தக் களையைத் தின்னட்டும் என்று ஆசியாவிலிருந்து புளோரிடாவுக்குக் கொண்டுபோய் விட்டுப் பார்த்தார்கள். அங்கே அது தங்கவில்லை. எனக்கென்னவோ அதில் ஒரு சந்தோஷம்.

"என்னடி எழுதுற, கணக்கா?" என்றாள் அம்மா. ஆமாம் என்றேன்.

டாக்டர் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார். "எங்கெங்க இருக்குன்னு முழுசா ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டுப் பேசுவோம்."

அக்டோபர் 10

கீழண்டை வரப்போரமாகச் சில செடிகளில் இலை வெளுத்திருக்கிறது. பச்சையத்தை மட்டும் சுரண்டித் தின்றுவிட்டு மேல்தோலை விட்டிருக்கிறது. பின்னால் விரலை வைத்தால் விரல் தெரிகிறது. தண்டுத் துளைப்பானாக இருக்கும் என்கிறார் சித்தப்பா. துளைப்பான் என்றால் இலை விரியும்போது வரிசையாக ஓட்டை இருக்க வேண்டும். இது அப்படி இல்லை.

அப்பாவிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 11

காலையில் ஆறு மணிக்கெல்லாம் லென்ஸோடு போய்விட்டேன். குருத்தைப் பிரித்தால் ஈர மரத்தூள் போல எச்சம், அதற்கடியில் ஒரே ஒரு புழு. அடுத்த செடியிலும் ஒன்றுதான். குஞ்சாக இருக்கும்போது ஒரு கொத்தே இறங்கியிருக்கும், நூல்விட்டுக் காற்றில் பக்கத்துச் செடிகளுக்கும் போயிருக்கும். குருத்துக்குள் வந்த பிறகு ஒன்றை ஒன்று தின்றுவிடும். மிஞ்சியதுதான் நமக்குக் கிடைக்கிறது.

உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். தலையில் வெளிர் நிறத்தில் தலைகீழ் 'ஒய்'. கடைசிக்கு முந்தின உடல் கண்டம் ஒன்றில் நான்கு கரும்புள்ளிகள், அச்சடித்த சதுரமாக. அதற்கு முந்தின கண்டங்களிலும் புள்ளிகள் உண்டு, ஆனால் அவை சதுரமாக நிற்காது. எட்டாவது வயிற்றுக் கண்டத்தில் மட்டும்தான் சதுரம். நான்கு புழு பார்த்தேன், நான்கிலும் இதுதான்.

ஃப்ரூஜிபெர்டா. படைப்புழு, இதுவும் ஒரு ஸ்போடாப்டெராதான். கல்லூரியில் நாங்கள் படித்தபோது இது அமெரிக்கப் பூச்சி, படத்தில் மட்டும் இருந்தது. பரீட்சைக்குக்கூட வராது என்று அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போனோம். இப்போது என் கையில் ரேகையோடு ரேகையாக நெளிகிறது.

அக்டோபர் 12

சாப்பிட்டார். இரண்டு இட்லி.

அக்டோபர் 14

தூக்கம் வராததால் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் உலகப்படம் போட்டேன். ஆப்பிரிக்கா எப்போதும் எனக்குக் கோணலாகத்தான் வரும்.

இதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. 1797இல் ஜே. இ. ஸ்மித் இதற்குப் பெயர் வைத்தார், அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஜான் ஆபட் வரைந்த ஓவியங்களை வைத்துக்கொண்டு. அப்போது ஸ்போடாப்டெரா என்ற பேரினமே கிடையாது. அதை 1852இல் குவெனே என்ற பிரெஞ்சுக்காரர் ஏற்படுத்தினார். தொழில் வக்கீல், வேலை அந்துப்பூச்சி.

இதற்குக் குளிர் ஆகாது. மற்றப் பூச்சிகள் குளிர்காலம் முழுக்கத் தூங்கிக் கழிக்கும், இதற்கு அந்தத் தூக்கம் வராது. அதனால் அமெரிக்காவில் புளோரிடாவின் தெற்கிலும் டெக்சாஸின் தெற்கிலும் மட்டும்தான் குளிரைத் தாண்டும். மற்ற இடங்களில் பனி விழுந்தால் அத்தனையும் சாகும். வசந்தம் வந்ததும் தெற்கே பிழைத்தவை மறுபடி வடக்கே கிளம்பும், கனடா வரைக்கும். ஒரே ராத்திரியில் 100 கிலோமீட்டர் பறக்கக்கூடியது. வருஷா வருஷம் போகிறது, வருஷா வருஷம் சாகிறது. இருநூறு வருஷமாக இதன் எல்லை ஒரு மூச்சு மாதிரி மேலே ஏறிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது, கடலை மட்டும் தாண்டவில்லை.

2016 தொடக்கத்தில் மேற்கு ஆப்பிரிக்கா. அங்கே பனி இல்லை. இரண்டே வருஷத்தில் சகாராவுக்குத் தெற்கே அநேகமாக எல்லா நாடும். இந்த மே மாதம் கர்நாடகத்தின் சிவமோகா. இப்போது எங்கள் கீழண்டை.

படத்தில் வருஷங்களை எழுதிக்கொண்டே வந்தேன். பெரம்பலூருக்கு எழுத இடம் போதவில்லை.

அக்டோபர் 15

சித்தப்பா மருந்துக் கடையில் கேட்டுக்கொண்டு வந்தார். ஊரில் எல்லாருக்கும் வந்திருக்கிறதாம். "போட்டுட்டு மறந்துடலாம்னுதானே சோளம் போட்டோம்" என்று கடை வாசலில் ஒருவர் அழாத குறையாம்.

விதையிலேயே வந்துவிட்டது என்று ஒரு பேச்சு ஓடுகிறது. விதையில் வராது, தாய்ப்பூச்சி பறந்து வந்து இலையில் முட்டை வைக்கிறது என்றேன். ஒரு குவியலில் நூறு, இருநூறு முட்டை, மேலே தன் உடம்புச் செதிலையே பிய்த்துப் போர்த்திவிட்டுப் போகும். ஒரு பூச்சி ஆயிரத்துக்கு மேல் இடும். யாரும் நம்பவில்லை. பறந்து வந்தது என்றால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அக்டோபர் 18

ஆயுத பூஜை. மண்வெட்டி, அரிவாள், டிராக்டர் சாவி, அப்புறம் ஸ்பிரேயர். எல்லாவற்றுக்கும் அம்மா பொட்டு வைத்தாள். சாயங்காலமே ஸ்பிரேயரை எடுக்க வேண்டியதாகிவிட்டது, சாமி மன்னிக்கட்டும். எமாமெக்டின் பென்சோயேட், லிட்டருக்கு 0.4 கிராம். பயிர் மேலே அடித்துப் புண்ணியமில்லை, நாசிலைத் திருப்பிக் குருத்துக்குள் விட வேண்டும். செடி செடியாக. பெரியம்மா வீட்டில் ஒன்பது பங்கு மணலுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு கலந்து குருத்துக்குள் ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டே போகிறார்கள். அதுவும் வேலை செய்கிறது. ஆள்தான் கிடைக்கவில்லை.

"மருந்து வாசனை வருதே ஆயி" என்றார் அப்பா. வெங்காயத்துக்கு அடித்தோம் என்றேன். "இந்தப் பட்டத்துல எங்க வெங்காயம் போட்டோம்?"

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். தலைகீழ் 'ஒய்' வரைக்கும். ஒரு புழுவைப் பிடித்துக்கொண்டு வரச் சொல்லிப் பார்த்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம்.

அக்டோபர் 26

ஸ்கேன். அந்த மெஷினுக்குள் போகுமுன் வேட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

அக்டோபர் 29

மூன்று இடம்.

நவம்பர் 6

தீபாவளி. வெடி வாங்கவில்லை. அப்பாவுக்குப் புதுச் சட்டை தொளதொளவென்று நிற்கிறது. முதல் ஊசி 12ஆம் தேதி.

நவம்பர் 10

கொட்டகை பல்புக்கு அந்துப்பூச்சிகள் வர ஆரம்பித்துவிட்டன. மண்ணுக்குள் இரண்டு மூன்று அங்குலத்தில் கூட்டுப்புழுவாகக் கிடந்தவை. விதைக்குமுன் கோடை உழவு சரியாக விழுந்திருந்தால் கொக்கு தின்றிருக்கும் என்றார் சித்தப்பா. அது முன்பே மண்ணில் கிடப்பவற்றுக்கு, இந்தப் பாவி விதைத்த பிறகல்லவா பறந்து வந்தது!

ஆணுக்கு முன்சிறகின் நுனியில் வெள்ளை முக்கோணத் திட்டு இருக்கும், கவனமாகப் பார்த்தால் அழகான பூச்சி. பெண் சாம்பல், ஒன்றும் எடுப்பாக இருக்காது. லிட்டுராவும் வந்திருந்தது, சிறகில் வெள்ளைக் கோடுகள் பின்னிக்கொண்டு. ஒரே பேரினத்து இரண்டு பேர் ஒரே பல்பைச் சுற்றுகிறார்கள். ஒருவர் நம்மோடு எத்தனையோ காலமாக இருப்பவர், இன்னொருவருக்கு இன்னும் ரேஷன் கார்டுகூட இல்லை.

இனக்கவர்ச்சிப் பொறியிலும் ஆண்கள் விழுகின்றன. எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

நவம்பர் 13

வாந்தி. ராத்திரி முழுக்க.

நவம்பர் 16

கஜா புயல். எங்களுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. புதுக்கோட்டைப் பக்கம் தென்னை எல்லாம் வேரோடு சாய்ந்துவிட்டதாகப் போனில் அழுகிறார்கள். டிவியைப் பார்த்துக்கொண்டே அப்பா சொன்னார்: "தென்னை போனா ஒரு தலைமுறை. சோளம் போனா ஒரு பட்டம்தானே." எனக்குச் சொன்னாரா, அவருக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

நவம்பர் 23

கார்த்திகை. அம்மா திண்ணை நெடுக அகல் வைத்தாள். நான் பூச்சி பார்க்கவில்லை. இன்றைக்கு ஒருநாள் வேண்டாம் என்று இருந்தது.

டிசம்பர் 3

கோபம். எல்லார்மேலும். பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். ஒருவர் பப்பாளி இலை, ஒருவர் கேரளாவில் ஒரு சாமி. ஒருவர் எல்லா வியாதியும் ஒன்றுதான் என்கிறார்.

ஒன்றில்லை. லிட்டோராலிஸ் என்று ஒன்று இருக்கிறது. ஆப்பிரிக்கா, மத்தியதரைக் கடல் ஓரம், எகிப்தின் பருத்தியைத் தின்பது. நம் லிட்டுராவையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சிறகைப் பார்த்துச் சத்தியம் பண்ண முடியாது. வயிற்றின் கடைசியை வெட்டி, காரத்தில் வேகவைத்து, இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். லிட்டுராவுக்குக் கிழக்கு: ஆசியா, ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள். லிட்டோராலிஸுக்கு மேற்கு. வெகுகாலம் இரண்டும் ஒன்று என்றே எழுதிவைத்திருந்தார்கள். பழைய குறிப்புகளில் எது எது என்று பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஃப்ரூஜிபெர்டாவே ஒன்றில்லை. மக்காச்சோளத்தை விரும்பும் வகை, நெல்லையும் புல்லையும் விரும்பும் வகை என்று இரண்டு உண்டு. கண்ணுக்கு எந்த வித்தியாசமும் கிடையாது, மரபணுவில்தான்.

இதை எல்லாம் அவரிடம் சொல்லவா முடியும். காபி கொடுத்து அனுப்பினோம்.

டிசம்பர் 5

"நெல்லுக்கு வருமாடி?" அம்மா மூன்றாவது தடவையாகக் கேட்கிறாள்.

டிசம்பர் 12

இன்று நல்ல நாள். கதிர் பிடித்த செடிகளுக்கு நடுவே இலையோடு ஒட்டிச் செத்துக்கிடந்தது ஒரு புழு. விறைத்து, முதலில் வெள்ளை பூத்து, பாதி உடம்பு வெளிர்பச்சைப் பொடியாகியிருந்தது. புழுவைக் கொல்லும் ரிலேயி பூஞ்சணம்! நாங்கள் தெளிக்கவில்லை, யாரும் வாங்கி வரவில்லை. ஈரமும் பனியும் சேர்ந்ததும் அதுவாக வந்திருக்கிறது. மேலண்டைப் பக்கம் தேடத் தேட இன்னும் கிடைத்தன. தீப்பெட்டியில் ஒன்றைப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

அப்பா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். பல் தெரியச் சிரித்து ரொம்ப நாள் ஆயிற்று. "எமன் ஒருத்தனுக்கு இன்னொருத்தன்" என்றார். ரசம் சாதம் முழுக்கச் சாப்பிட்டார்.

இந்த ஊக்கத்தில் குளத்துக்கும் போய் ஆகாயத்தாமரையைப் புரட்டினேன். பெக்டினிகார்னிஸ் இல்லை. நத்தை, தவளைக்குஞ்சு, ஒரு செருப்பு.

டிசம்பர் 21

அளவு குறையவில்லையாம். கூடவும் இல்லையாம்.

டிசம்பர் 22

உலகம் சுற்றுகிறவர்கள் ஐந்தாறு பேர்தான், அவர்களால் மொத்தக் குடும்பத்துக்கும் கெட்ட பெயர். எக்சிகுவா தென்கிழக்கு ஆசியாவிலிருந்து கிளம்பி 1876இலேயே அமெரிக்காவின் ஓரிகனில் தலைகாட்டிவிட்டது. எக்செம்ப்டா கிழக்கு ஆப்பிரிக்காவில் மழைக்குப் பின்னால் படை படையாக நகரும். தனியாக வளர்ந்தால் பச்சையோ பழுப்போ, கூட்டமாக வளர்ந்தால் அதே புழு கறுத்துவிடும். மற்றவர்கள்? ப்ரீஃபிகா மேற்கு அமெரிக்காவை விட்டு வரவில்லை. பிக்டா கிரினம் லில்லிச் செடியோடு திருப்தி. டெப்ரவாட்டா ஜப்பான் பக்கம் புல்தரையில் இருக்கிறது.

இதெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எழுதாவிட்டால் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன்.

2019 ஜனவரி 6

இலங்கைச் செய்தியில் இந்தப் புழு வருகிறது. அங்கே சேனா என்கிறார்கள். அம்பாறை, மொனராகலை, அநுராதபுரம். வயலில் நின்றுகொண்டு ஒருவர் குருத்தைப் பிரித்துக் காமிராவுக்குக் காட்டுகிறார். அதே எச்சம். என் உலகப்படத்தை எடுத்து இலங்கைக்கு நேராக வருஷம் எழுதினேன். இனிமேல் கிழக்கேதான். பர்மா, தாய்லாந்து, சீனா என்று வழிநெடுகச் சோளம் நிற்கிறது, நடுவில் பனியும் இல்லை.

ஜனவரி 8

இரண்டாவது ஸ்கேன். ரிப்போர்ட் திங்கட்கிழமை.

ஜனவரி 11

நாளை கதிர் ஒடிக்க ஆள் வருகிறார்கள். கீழண்டை பாதிக்குப் பாதி போயிற்று, கதிர் நுனியில் மணியே இல்லை. மேலண்டை பரவாயில்லை. அடுத்த தடவை பருத்தி போடலாம் என்கிறார் சித்தப்பா. பருத்திக்கு லிட்டுரா இருக்கிறதே என்றேன். அது தெரிந்த பூச்சி என்கிறார்.

கதிரடிக்கும் மெஷின் திங்கட்கிழமைதான் கிடைக்குமாம், அன்றைக்கு விட்டால் பொங்கல் தாண்டித்தானாம். சித்தப்பா காட்டைப் பார்த்துக்கொள்ளட்டும், நான் திருச்சி வருகிறேன் என்றேன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. தம்பி தன்னோடு வரட்டுமாம், நான் மெஷினோடு நிற்க வேண்டுமாம், எடை போடும்போது பக்கத்தில் இருக்க வேண்டுமாம். சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டே சண்டை போட்டோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. காலையில் அவளிடம் தனியாகப் பேச வேண்டும்.