ஒரு பூனைக்கு ஒரு தட்டு தட்டை

2021 நவம்பரில் தடுப்பூசி போட்ட வெளிநாட்டுப் பயணிகளுக்கு அமெரிக்கா மறுபடி கதவைத் திறந்தது. அதே மாதம்தான் ஜப்பானிய வீடியோ கேம் நிறுவனமான நிண்டெண்டோ, அனிமல் கிராசிங் விளையாட்டுக்கான அமீபோ அட்டைகளின் ஐந்தாவது வரிசையைக் கடைக்கு அனுப்பியது. நியூ ஜெர்சி எடிசனில் எங்கள் அபார்ட்மெண்டுக்கு இரண்டின் பலனும் வந்து சேர்ந்தது. திருநெல்வேலியிலிருந்து அம்மா வந்தார். ரேமண்ட் வேண்டும் என்று மகள் ஆரம்பித்தாள்.

ரேமண்ட் ஒரு பூனை. மூக்குக் கண்ணாடி, கோட்டுக்குள் போடுகிற கையில்லாத சட்டை, ஒரு கண் ஒரு நிறம், இன்னொரு கண் வேறு நிறம். 2020 மார்ச்சில் உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது வந்த அனிமல் கிராசிங் நியூ ஹொரைசன்ஸில்தான் இவன் முதன்முதலாகத் தலைகாட்டினான். அந்த விளையாட்டில் ஆளுக்கு ஒரு தீவு. அதிகபட்சம் பத்து மிருகங்கள் குடியிருக்கலாம். நானூறு சொச்சம் மிருகங்களில் எது நம் தீவுக்கு வரும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். ரேமண்டுக்காக அந்தக் காலத்தில் ஆட்கள் நிஜப் பணமே கொடுத்திருக்கிறார்கள். அமீபோ அட்டை இருந்தால் அதிலிருக்கும் மிருகத்தை நாமே தீவுக்குக் கூப்பிட்டுக்கொள்ளலாம். பழைய மிருகங்களுக்கெல்லாம் முன்பே அட்டை இருந்தது. இவன் புதுசு என்பதால் இல்லை. ஐந்தாவது வரிசையில்தான் வந்தான்.

அந்த வரிசையில் மொத்தம் 48 அட்டைகள். பாக்கெட்டுக்கு ஆறு, விலை கிட்டத்தட்ட ஆறு டாலர், உள்ளே யார் என்று பிரித்தால்தான் தெரியும். நாங்களும் பிரித்தோம். பிறந்தநாளுக்குப் பிரித்தோம், பல் டாக்டரிடம் அழாமல் இருந்ததற்குப் பிரித்தோம். ரேமண்டைத் தவிர எல்லாரும் வந்தார்கள், சிலர் இரண்டு முறை வந்தார்கள்.

ரேமண்ட் இருந்தது மேல்மாடிப் பையனிடம். வயது பத்துதான் இருக்கும். அட்டையை பிளாஸ்டிக் உறையில் போட்டு, அந்த உறையை இன்னொரு கெட்டி உறையில் போட்டு வைத்திருந்தான். எங்கள் வீட்டுப் பத்திரத்துக்குக்கூட அவ்வளவு பாதுகாப்பு கிடையாது.

இங்கே ஒரு விஷயம். இந்த அட்டை ஒருமுறை பயன்படுத்தினால் தீர்ந்துவிடுகிற சாமான் இல்லை. உள்ளே ஒரு சின்ன என்எஃப்சி சிப், பக்கத்தில் கொண்டுபோனாலே படிக்க முடிகிற வகை. இந்த விளையாட்டு ஓடுகிற கருவியான ஸ்விட்சின் வலதுபக்கக் குச்சிமேல் வைத்தால் அது படித்துக்கொள்ளும். யார் ஸ்விட்சிலும் வைக்கலாம், எத்தனை தடவையும் வைக்கலாம். ஆக, அபார்ட்மெண்டில் ஒருத்தனிடம் ஒரு அட்டை இருந்தால் எல்லாக் குழந்தைகளுக்கும் போதும். பையனுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. அட்டையைக் கடன் கொடுக்க மாட்டான். தானே எடுத்துக்கொண்டு வருவான், தன் கையாலேயே வைத்து எடுப்பான், உறைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவான். கூலி ஒரு பாக்கெட் சிப்ஸ்.

அவன் முதல் நாள் வந்தபோது நான் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன், அதாவது சாப்பாட்டு மேசையில். அம்மா கதவைத் திறந்தார்.

"வாய்யா, உள்ள வா. எந்த ஊரு உங்களுக்கு?"

பையன் நியூ ஜெர்சி என்றான்.

"அது சரி. அப்பாவுக்கு எந்த ஊரு?"

கரூர் என்றான். கரூரில் அம்மாவுக்குத் தெரிந்த ஒரு டீச்சர் இருக்கிறார். அவரை உனக்குத் தெரியுமா என்று விசாரணை ஓடியது. தெரியாது என்றதில் அம்மாவுக்கு வருத்தம்தான், ஆனாலும் அன்று காலை சுட்ட தட்டையை ஒரு தட்டு நிறைய வைத்தார். பையன் ஒன்று கடித்தான். சிப்ஸ் பற்றி அதன்பிறகு அவன் வாயே திறக்கவில்லை.

அட்டையை வைத்ததும் திரையில் ரேமண்ட் வருவதாக ஒப்புக்கொண்டான். உடனே குடிவந்துவிட மாட்டான். முகாம் கூடாரத்தில் வந்து உட்காருவான், எனக்கு இன்ன சாமான் செய்து கொடு என்று கேட்பான். மூன்று நாள் இப்படிக் கூப்பிட்டு, ஒவ்வொரு நாளும் கேட்டதைச் செய்து கொடுத்தால்தான் குடிவரச் சம்மதிப்பான்.

"விருந்தாளியா வந்தவன் சாமான் கேக்கானா?" என்றார் அம்மா. சம்பந்தி வீட்டு ஞாபகம் ஏதோ வந்திருக்க வேண்டும், மேலே பேசவில்லை.

சாயங்காலம் நான் அம்மாவுக்கு விளக்க உட்கார்ந்தேன். எனக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய சரித்திரம் உண்டு. 2002இல் நிண்டெண்டோ இங்கே இ-ரீடர் என்று ஒரு சாதனம் விற்றது. கையடக்க விளையாட்டுக் கருவியான கேம்பாய் அட்வான்ஸின் முதுகில் செருக வேண்டும். அட்டையின் ஓரத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் அச்சடித்திருக்கும், ஒலிம்பஸ் நிறுவனத்தின் தொழில்நுட்பம். அட்டையை அந்த இடுக்கில் வைத்து ஒரே சீராக இழுக்க வேண்டும். கை நடுங்கினால் மறுபடி முதலிலிருந்து. அப்போது என் அறைத்தோழன் எக்ஸைட்பைக் வாங்கி வந்தான். ஐந்து அட்டை. ஐந்தையும் ஓரம் ஓரமாக இழுத்து முடித்தால் பழைய பைக் விளையாட்டு ஒன்று ஓடும். இழுத்து முடிப்பதற்குள் எனக்கு நிஜ பைக்கே வாங்கிவிடலாம் என்றிருந்தது.

மாரியோ இன்னும் மோசம். 2003இல் வந்த சூப்பர் மாரியோ அட்வான்ஸ் 4க்குப் புதுப்புதுக் கட்டங்களை அட்டையில் விற்றார்கள். அதற்கு இரண்டு கேம்பாய் வேண்டும். ஒன்றில் இ-ரீடர், இன்னொன்றில் விளையாட்டு, நடுவே ஒரு கேபிள். படிக்க வந்த பிள்ளைகளிடம் யாரிடம் இரண்டு இருக்கும்? பக்கத்து வீட்டு அமெரிக்கப் பையனை மசாலா பொரியைக் காட்டித்தான் வரவழைப்போம். (இப்போது யோசித்தால் எங்கள் குடும்பத்துக்கு இது ஒரே வழிமுறை.)

ஆனால் ஒன்று. அந்தப் புள்ளிகளுக்குள் நிஜமாகவே சரக்கு இருந்தது. நீளமான ஒரு வரியில் இரண்டு கிலோபைட்டுக்கு மேல் அடங்கும். எக்ஸைட்பைக் முழுசாக அந்த ஐந்து அட்டைக்குள்தான் இருந்தது. அமீபோ சிப்பில் எழுத இருக்கிற இடமே 504 பைட், ஏறக்குறைய அரை கிலோபைட். ரேமண்ட் அதற்குள் இல்லை. அவன் ஏற்கெனவே விளையாட்டுக்குள் இருக்கிறான், நாம் காசு கொடுத்து வாங்கியபோதே கூட வந்துவிட்டான். அட்டை அவனை வெளியே கூப்பிடுவதற்கு மட்டும்.

இதை நான் ஒரு குமுறலோடு சொல்லி முடித்தேன். அம்மா தட்டை மாவைப் பிசைந்துகொண்டே, "திருச்செந்தூர்ல சாமி உள்ளதாம்ல இருக்காரு. சிறப்பு தரிசன டிக்கெட்டு எதுக்கு வாங்குதோம்?" என்றார்.

இருபது வருடத் தொழில்நுட்ப அனுபவத்தில் இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் கேட்டதில்லை.

மூன்றாம் நாள்தான் சண்டை. ரேமண்ட் சம்மதித்துவிட்டான், ஆனால் தீவில் பத்து வீடும் நிறைந்திருக்கிறது. அட்டையில் வருகிறவனுக்கு ஒரு சலுகை உண்டு, யாரைக் காலி செய்ய வேண்டும் என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம். மகள் யோசிக்கவே இல்லை. ஹேசல் என்றாள்.

ஹேசல் ஒரு அணில். நெற்றியில் இரண்டு புருவமும் சேர்ந்து ஒரே கோடாக ஓடும். தீவு வெறும் புல்லாகக் கிடந்த முதல் நாளிலேயே கூட வந்து இறங்கியவள்.

"ஏட்டி, அவளையா போகச் சொல்லுத?" அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டார். "கூட்டுப் புருவக்காரி ராசியானவ. உன்ன குளவி கொட்டினப்ப அவதானட்டி மருந்து குடுத்தா?"

அம்மா இவ்வளவு கவனித்திருப்பார் என்று யாரும் நினைக்கவில்லை. இத்தனை நாளும் சீரியல் பார்ப்பதாகத்தான் நினைத்திருந்தோம். பார்த்தது இதைத்தான் போலிருக்கிறது.

"அவ அழகா இல்ல பாட்டி."

"நீ மட்டும்?" என்று அம்மா கேட்டது கொஞ்சம் அதிகம். மகள் உதட்டைப் பிதுக்கினாள். பையன், அட்டை போட்டவன் என்ற முறையில் தனக்கும் ஓட்டு உண்டு என்றான். என் மனைவி வேலைக்கு நேரமாகிவிட்டது, எதையாவது அமுக்கித் தொலையுங்கள் என்றாள். அம்மா பத்துப் பேரின் படத்தையும் ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னார். இது யாரு, இவ என்ன செய்வா, இவன் எப்படி என்று ஜாதகப் பரிசோதனை நடந்தது.

கடைசியில் சிக்கியது பிரின்ஸ் என்கிற தவளை. எப்போதும் தின்பண்டத்தைப் பற்றியும், வீட்டுத் தரைக்கடியில் குடியிருக்கும் பூச்சிகளைப் பற்றியும் பேசுகிற சோம்பேறி வகை.

"பூச்சி இருக்குன்னு தெரியுதுல்லா, வீட்டக் கூட்ட வேண்டியதுதான? இவன் போகட்டும்."

போனான். ரேமண்ட் வந்தான். அம்மா அவன் வீட்டைப் பார்க்க ஆசைப்பட்டார். உள்ளே போனால் மேசை, நாற்காலி, கம்ப்யூட்டர் என்று ஒரே ஆபீஸ்.

"வீட்டுக்குள்ளயே ஆபீஸப் போட்டு உக்காந்திருக்கான் பாரு, இவன மாதிரியே" என்று என்னைக் காட்டினார். "இதுக்கா இந்தப் பாடு பட்டிய?"

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த வாரம் பையன் மறுபடி கதவைத் தட்டினான். கூடவே வேறு பிளாக்கிலிருந்து இரண்டு குழந்தைகள், ஆளுக்கு ஒரு ஸ்விட்சோடு. இனிமேல் ரேமண்ட் வேண்டுமென்பவர்கள் எங்கள் வீட்டுக்குத்தான் வர வேண்டும், மற்ற வீடுகளுக்கு அவன் போவதில்லையாம். ஏனென்று என் மனைவி கேட்டதற்கு, அங்கே வெறும் சிப்ஸ்தான் தருகிறார்கள் என்றான்.

அம்மா அந்தக் குழந்தைகளிடம் அப்பாவுக்கு எந்த ஊர் என்று கேட்க ஆரம்பித்திருந்தார். நான் அரிசி மாவு வாங்கக் கிளம்பினேன்.