எந்த வால்வு, எந்த மலை

நீலகிரி மலையில் பந்தலூர்ப் பக்கம் எஸ்டேட்காரர்கள் யாருக்காவது இதய வால்வில் கிருமி பிடித்து ஆபரேஷன் தேவைப்பட்டால் கோயம்புத்தூரோ கோழிக்கோடோ போயாக வேண்டும். மேலே இருக்கும் எங்களுக்கு அதற்கு முன்னும் பின்னும்தான் வேலை. என்ன கிருமி என்று பார்க்க ரத்தம் கல்ச்சருக்கு எடுத்து, ஆன்டிபயாடிக் ஆரம்பித்து, அனுப்பி வைப்போம். கிளம்புமுன் குடும்பமே வந்து உட்காரும்: எந்த வால்வு நல்லது?

உலோகம், கார்பனில் செய்த செயற்கை வால்வு வைத்தால் மறுபடி கிருமி பிடிக்குமோ என்றுதான் முதலில் பயப்படுவார்கள். அந்த விஷயத்தில் செயற்கை வால்வுக்கும் திசு வால்வுக்கும் பெரிய வித்தியாசமில்லை. கெட்டுப்போன திசுவை மிச்சமில்லாமல் வெட்டி எடுத்தார்களா, ஊசி மருந்தை வாரக்கணக்கில் முழுசாகப் போட்டார்களா என்பதே முக்கியம். வால்வை மாற்றாமல் சரிசெய்ய முடிந்தால் இன்னும் நல்லது.

வித்தியாசம் ஆபரேஷனுக்குப் பிறகுதான் தெரியும். மாட்டு இதய உறையிலோ பன்றி வால்விலோ செய்த திசு வால்வு 10, 15 வருஷம் வரும். வயது குறைந்தவர்களுக்கு இன்னும் சீக்கிரமே தேயும். செயற்கை வால்வு ஆயுசுக்கும் உழைக்கும், ஆனால் ஆயுசுக்கும் அசிட்ரோம் மாதிரி, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை வேண்டும். இதயத்தின் இடது பக்க இரண்டு அறைகளுக்கு நடுவே இருக்கும் மைட்ரல் வால்வு என்றால், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர் எண் 2.5க்கும் 3.5க்கும் நடுவில் நிற்க வேண்டும்.

ஐம்பதுக்குக் கீழே என்றால் பொதுவாகச் செயற்கை வால்வு என்பது புத்தகக் கணக்கு. கொழுந்து பறிக்கும் ஒரு அக்கா, நாற்பதைத் தொட்டவர், கேட்டார்: "டாக்டரம்மா, அந்த மாத்திரை போட்டா அட்டை கடிச்சா என்ன ஆகும்?" சாதாரணமாகவே அட்டை கடித்த இடம் மணிக்கணக்கில் கசியும். மழைக்காலத்தில் காலில் உப்பும் புகையிலையும் தேய்த்துக்கொண்டுதான் காட்டில் இறங்குவார்கள். அட்டையால் உயிர் போகாது, துணி வைத்து அழுத்திப் பிடித்தால் போதும். நான் பயந்தது ஐ.என்.ஆர் பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்கு. மண் சரிந்து பஸ் நின்றால் அந்த மாதம் பரிசோதனை இல்லை. பஸ் ஓடினாலும் ஒருநாள் சம்பளம் போகும். அதனால், அந்த மாத்திரை ஆயுசுக்கும் தேவைப்படாத திசு வால்வு என்றேன்.

"இன்னொரு வாட்டி நெஞ்சைப் பொளக்கவா? அப்போ என்னைப் பார்த்துக்க யாரு இருக்கா?"

நியாயம்தானே. சர்ஜனும் அவர் பக்கம். செயற்கை வால்வே வைத்தார்கள். பிறகு எஸ்டேட்டில் பேசி நாற்றுப் பண்ணை வேலைக்கு மாற்றிக்கொண்டார். ஒருமுறை ஐ.என்.ஆர் ஐந்தைத் தாண்டி, ஈறில் ரத்தத்தோடு வந்தார். துருவிக் கேட்டால், பேதிக்கு மெடிக்கலில் வாங்கிய மெட்ரோனிடசோல்! அசிட்ரோமோடு அது சேரவே கூடாது. அன்று அட்டையைப் பற்றிப் பேசிய நான், சேரக்கூடாத மருந்துகளைப் பற்றி முன்கூட்டியே பேச ஆரம்பித்தது அவருக்குப் பிறகுதான்.

விரல் நுனி ரத்தத்தில் ஐ.என்.ஆர் பார்க்கும் சின்னக் கருவி எஸ்டேட் டிஸ்பென்சரியில் ஒன்று இருந்தால், அடுத்து வருகிறவரிடம் நானே செயற்கை வால்வு என்பேன்.