யாஹிமோவ்: சுரங்கத்திலிருந்து ஏறி வரும் வெந்நீர்

செக் நாட்டின் கார்லோவி வாரி நகரிலிருந்து, ரேடான் என்ற கதிரியக்க வாயு கலந்த நீரில் குளிப்பதற்காக நான் சென்ற யாஹிமோவுக்கு இருபது கிலோமீட்டரைச் சற்றே தாண்டிய தொலைவுதான். ஆனால் வாடகைக் கார் ஓட்டுநர் என்னிடம் வாங்கிய தொகை, திரும்பும்போது பேருந்துக்கு நான் கொடுத்ததைவிடப் பல மடங்கு அதிகம். மீட்டர் போடச் சொன்னதற்கு, மலைப்பாதைக்குத் தனிக் கட்டணம் என்றார். அந்தப் பணத்தில் இன்னொரு முறை குளித்திருக்கலாம் என்ற எரிச்சல் இன்னும் தீரவில்லை. தயவுசெய்து பேருந்திலேயே செல்லுங்கள்.

செக் நாட்டின் வடமேற்கில், ஜெர்மன் எல்லைக்கு அருகே உள்ள இந்தச் சிற்றூரின் பிட்ச்பிளெண்ட் என்ற யுரேனியத் தாதுவை ஆராய்ந்துதான் கியூரி தம்பதியர் 1898இல் ரேடியத்தைக் கண்டறிந்தனர். 1906இல் இங்கே மருத்துவக் குளியல் தொடங்கியது; 1912இல் ரேடியம் பேலஸ் என்ற மாளிகை விடுதி எழுந்தது. 1518இல் வெள்ளிக்காகத் தோண்டத் தொடங்கிய ஸ்வோர்னோஸ்ட் சுரங்கத்தில், சுமார் 500 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே ஏற்றப்படும் நீரையே குளியலுக்குப் பயன்படுத்துகிறார்கள்.

மருத்துவர் பரிசோதித்த பிறகே தொட்டியில் இறங்க விட்டார்கள். ரேடியம் சிதைந்து உண்டாகி இந்த நீரில் கரைந்திருக்கும் ரேடான் வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லாததால், கண்ணுக்கு அது வெறும் இளஞ்சூடான தெளிந்த நீர்தான். நீரைக் கலக்கினால் வாயு வெளியேறிவிடும் என்பதால் அசையாமல் படுத்திருக்கச் சொன்னார்கள். 20 நிமிடங்களுக்குப் பின் துணியால் போர்த்தி ஓய்வெடுக்க வைத்தார்கள். அவ்வளவு அமைதியான ஓய்வு இந்தப் பயணத்தில் வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை! புட்டியில் பிடித்து ஊருக்குக் கொண்டுபோகலாமே என்று நினைக்காதீர்கள். நான்கு நாட்களுக்குள் ரேடானில் பாதி சிதைந்துவிடும். மூட்டு வலிக்கும் முதுகெலும்பு வாதத்துக்கும் இங்கே வாரக்கணக்கில் தங்கிச் சிகிச்சை பெறுகிறார்கள். ஒரே ஒரு குளியலை வைத்து வலி போனது என்று நான் சொல்ல மாட்டேன். தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் வாயு இது என்பதால், வேடிக்கைக்காக மீண்டும் மீண்டும் குளிப்பது தவறு என்பதே என் கருத்து.

வெளியே குளிர் நடுக்கியது. சிறிய உணவகம் ஒன்றில் கிடைத்த பூண்டு சூப், நம் வீட்டுப் பூண்டு ரசத்துக்கு ஈடாக உடலைச் சூடேற்றியது, விலையும் குறைவு.

இவ்வளவையும் விட என்னை உலுக்கியது, மலைமேல் செல்லும் ‘யாஹிமோவ் நரகம்’ என்ற நடைபாதை. 1949க்குப் பின் கம்யூனிச அரசு ஆயிரக்கணக்கான அரசியல் கைதிகளை இங்கே முகாம்களில் அடைத்து யுரேனியம் தோண்ட வைத்தது; அவற்றில் ஒன்று ஸ்வோர்னோஸ்ட் சுரங்கத்தை ஒட்டியே இருந்தது. நான் குளித்த நீரும் அந்தச் சுரங்கத்தினுடையதுதான். நீங்கள் செல்வதானால், முதலில் அந்தப் பாதையில் நடந்துவிட்டுப் பிறகு தொட்டியில் இறங்குங்கள்.