மாமாவின் வள்ளமும் என் சர்டிஃபிகேட்டும்

சென்னையில் இரண்டு நாள் பாய்மரப் படகுப் பயிற்சிக்குப் போயிருந்தேன். அங்கே நான் உருப்படியாகச் செய்தது, ஆறு முறை படகைக் கவிழ்த்ததுதான். பக்கத்தில் ஆப்டிமிஸ்ட் என்கிற குட்டிப் படகில் (நீளம் 2.3 மீட்டர், அவ்வளவுதான்) ஒன்பது வயதுப் பையன் ஒருவன், "அங்கிள், பூம் வருது, குனிங்க" என்பான். என்ன வருது என்று நான் திரும்புவதற்குள், பாயின் அடியில் கிடக்கும் அந்தக் கட்டை மண்டையில் இறங்கியிருக்கும். இருந்தாலும் கடைசியில் சர்டிஃபிகேட் கொடுத்துவிட்டார்கள்.

அந்தத் தெம்பில்தான் ஏப்ரல் கடைசியில் தூத்துக்குடி மாமாவோடு வள்ளத்தில் ஏறினேன். விசைப்படகுகளுக்கு 15-ஆம் தேதியிலிருந்து 61 நாள் தடைக்காலம். வள்ளம் மாதிரி நாட்டுப்படகுக்குத் தடை இல்லாததால், கடல் முழுக்கத் தன் பேருக்குப் பட்டா போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தார் மாமா.

வழியெல்லாம் நான் பாடம் எடுத்தேன். "காத்துக்கு நேர் எதிரா பாய் போகாது மாமா. ரெண்டு பக்கமும் 45 டிகிரி விட்டு வளைஞ்சு வளைஞ்சு போகணும். திருப்புறதுக்குப் பேர் டேக்." மாமா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு "அப்படியா மருமவனே" என்றார். இஞ்சின் வருவதற்கு முன்னால் அவர் பாய் வள்ளத்தில் தொழில் செய்தவர் என்பது எனக்கு அப்போது ஞாபகம் வரவே இல்லை.

வலையை இழுத்து ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, வான் தீவு கண்ணில் படுகிற இடத்தில் இஞ்சின் இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றது. நாலைந்து முறை ஹேண்டில் போட்டும் அசையவில்லை.

"பாய் எங்க மாமா?"

"அதுலதான் ஒங்க அத்த மொட்டைமாடியில மிளகா காயப்போட்டிருக்கா."

போன் போட்டால் வேறு வள்ளம் வந்து கட்டி இழுக்கும். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "கரையில சிரிச்சே மானத்த வாங்கிருவானுவ."

மீனை மூடியிருந்த நீலத் தார்ப்பாயை உருவினார். நெட்டுக் கம்பு ஒன்றை நட்டுக் கட்டினார். குட்டைக் கம்பை அதன் குறுக்கே பருமலாகத் தூக்கி, தார்ப்பாயைத் தொங்கவிட்டு, கீழ் மூலைக் கயிற்றை என் கையில் கொடுத்தார். மொத்தம் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"தாமான இறுக்கிப் புடி. விட்டுராத."

"இதுக்கு எங்க கிளாஸ்ல ஷீட்னு பேர் மாமா."

"ஷீட்டா? அது கூரைக்குல்லா போடுவாவ."

நல்லவேளையாக மத்தியானக் கொண்டல் காற்று கரையைப் பார்த்தே வீசியது. என் 45 டிகிரிக்கும் டேக்குக்கும் வேலையே இல்லை. மாமா சுக்கானைக் காலால் அணைத்துக்கொண்டு அடுத்த பீடியை எடுத்தார். நான் இரண்டரை மணி நேரம் மீன் வாடை அடிக்கிற தார்ப்பாயோடு மல்லுக்கட்டினேன். உள்ளங்கை பழுத்துவிட்டது.

கரையில் கூட்டமே கூடி நின்றது. "அண்ணாச்சி, கப்பல் எப்ப வாங்குனீய?" என்று ஒருவர் ஆரம்பிக்க, மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மாமா அலட்டிக்கொள்ளாமல் இறங்கி, வேட்டியைப் பிழிந்துகொண்டே என் பக்கம் கையைக் காட்டினார்.

"எல்லாம் மருமவன் ஏற்பாடு. மெட்ராஸ்ல சர்டிஃபிகேட் வாங்கிருக்கான்லா."