எரர் கோடு காட்டியது சென்சரை, கோளாறு ஒயரில்

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் கார் வைத்திருப்பவர்களுக்கு உப்புக்காற்றின் வேலை தெரியும். என் ஆட்டோமேட்டிக் காரில் ஸ்பீடாமீட்டர் முள் அடிக்கடி படுத்துவிடும். அப்புறம் வண்டி ஒரே கியரில் பிடித்துக்கொள்ளும், மேலே ஏறாது. கியர்பாக்ஸ் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்வது இது.

காரின் கோளாறைப் போனில் காட்டும் ப்ளூடூத் ஸ்கேனரைச் செருகியதும் பி0720 என்ற எரர் கோடு வந்தது, அதாவது அவுட்புட் ஸ்பீடு சென்சர் சர்க்யூட். கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் அவுட்புட் ஷாஃப்டின் வேகத்தை அளப்பது இந்தச் சென்சர். சர்க்யூட் என்றால் சென்சர், கனெக்டர், ஒயர் மூன்றும் சேர்த்துத்தான். சென்சரை மாற்றிவிடலாம் என்றார் தெரிந்த மெக்கானிக். எனக்கு மனம் ஒப்பவில்லை.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே கை வைத்தேன். ஓடி நின்ற கியர்பாக்ஸ் ஆயில் தோலை உரித்துவிடும். சமதரை, ஹேண்ட்பிரேக், பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. முன்சக்கரம் ஒன்றைத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வைத்தேன். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் தலையை நீட்டவே கூடாது.

என் வண்டியில் இருப்பது இரண்டு ஒயர் காந்த சென்சர். அதன் கனெக்டரை மட்டும் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் (மின்தடை) பார்த்தேன், மேனுவலில் போட்டிருந்த எல்லைக்குள்தான் இருந்தது. உள்ளே எலக்ட்ரானிக் சர்க்யூட் உள்ள மூன்று ஒயர் ஹால் சென்சரை இப்படி ஓம் வைத்துச் சோதிக்கக் கூடாது. அடுத்து மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, கியரை நியூட்ரலுக்கு மாற்றி, தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றினேன். கியர் பார்க்கில் (P) இருந்தால் அவுட்புட் ஷாஃப்ட் பூட்டிக்கொள்ளும், சக்கரம் அசையாது. சுற்றச் சுற்ற மில்லிவோல்ட் ஏறியது. சென்சர் உயிரோடுதான் இருக்கிறது.

எஞ்சினை ஓடவிட்டு, தூக்கிய சக்கரத்தை டி (டிரைவ்) கியரில் சுழல விடுபவர்களும் உண்டு. தனி ஆளாக அந்த வேலை எனக்கு வேண்டாம்.

மிச்சம் ஒயர். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் முனையிலிருந்து சென்சர் கனெக்டர் வரை ஒயர் அறுபடாமல் இருக்கிறதா என்று மீட்டரில் பீப் வைத்துப் பார்த்தேன். சும்மா இருந்தால் பீப் வந்தது. கனெக்டரை ஒட்டி ஒயரை அசைத்தால் நின்றது. ரப்பர் மூடியை விலக்கினால் கனெக்டர் பின்னில் (ஊசியில்) பச்சைக் களிம்பு, உறைக்குள் செம்புக் கம்பி பொடிப்பொடியாக உதிர்ந்தது. அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் புது ஒயர் சால்டர் செய்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டினேன். கனெக்டர் பின்னைக் கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்தேன்.

எரர் கோடை ஸ்கேனரில் அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தோம். ஸ்கேனர் போன் அக்கா பையன் கையில். "மாமா, ஆர்பிஎம் விடாம வருது, விட்டுவிட்டு வரல" என்றான். கியரும் ஒழுங்காக ஏறியது.

சென்சரின் ஓ ரிங் (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) லேசாகக் கசிகிறது. அதை ஆயில் மாற்றும்போது பார்த்துக்கொள்ளலாம்.