சர்வர் மாற்றினால் ‘48 மணி நேரம் பொறுங்கள்’ என்பார்கள், பொறுக்காதீர்கள்

ஒரு ஹோஸ்டிங்கிலிருந்து இன்னொன்றுக்குத் தளத்தை மாற்றுவதில், ஃபைல்களை நகலெடுப்பதும் டேட்டாபேஸை ஏற்றுவதும் பெரிய வேலையே இல்லை. எனக்கு அது சிக்கலின்றி முடிந்தது. வயிற்றெரிச்சலைக் கிளப்பியது ஐபி முகவரியை மாற்றிய பிறகு நடந்ததுதான். சிலருக்குப் புதுத் தளம் தெரிகிறது, சிலருக்குப் பழையது. எச்டிடிபிஎஸ்ஸுக்கான சர்டிஃபிகேட் எடுக்கப் போனால் பிழை. சப்போர்ட்டுக்கு டிக்கெட் போட்டால் தயாராக வைத்திருக்கும் பதில் வருகிறது: “டிஎன்எஸ் பரவ 24 முதல் 48 மணி நேரம் ஆகும், பிரவுசர் கேஷை அழித்துவிட்டுப் பாருங்கள்.” விவரமாக எழுதி மறுபடி கேட்டாலும் வேறு ஆள் பெயரில் அதே பதில்தான்.

டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயருக்கு ஐபி முகவரியைச் சொல்லும் அமைப்பு, எங்கும் ‘பரவுவதில்லை’. நமக்காக அந்த முகவரியைக் கேட்டுச் சொல்லும் ஒவ்வொரு ரிசால்வரும் ஒரு முறை கேட்டு வாங்கிய பதிலை, அந்த ரெக்கார்டின் டிடிஎல் (விநாடியில் குறித்த ஆயுள்) தீரும்வரை வைத்திருக்கும், அவ்வளவுதான். டிடிஎல் 300 என்றால் ஐந்து நிமிடம், 86400 என்றால் ஒரு நாள். 48 மணி நேரக் கணக்கு, டொமைனின் ரெக்கார்டுகளை வைத்திருக்கும் நேம்சர்வரையே மாற்றுகிறவர்களுக்கு உரியது. டாட்காம் பதிவகத்தில் நேம்சர்வர் ரெக்கார்டின் டிடிஎல் 172800 விநாடி, அதாவது இரண்டு நாள். ஐபி முகவரியைச் சொல்லும் ஏ ரெக்கார்டை மட்டும் மாற்றியவரிடம் அதைச் சொல்வது தட்டிக் கழிக்கும் பேச்சு.

மாற்றுவதற்கு முந்தைய நாளே டிடிஎல்லை 300 ஆக்கிவிடுங்கள். முந்தைய நாள் என்பது முக்கியம்: பழைய டிடிஎல் 86400 ஆக இருந்தால், அந்த ஒரு நாள் கழிந்த பிறகுதான் எல்லா ரிசால்வர்களும் 300 என்ற புது எண்ணைப் பார்த்திருக்கும். மாற்றிய பின், டிஎன்எஸ்ஸைக் கேட்கும் ‘டிக்’ (dig) கட்டளையில் தளத்தின் சொந்த நேம்சர்வரையே நேராகக் கேளுங்கள். அங்கேயே பழைய ஐபி வந்தால் ரெக்கார்டு தவறு, காத்திருந்து பயனில்லை. அங்கே சரியாக இருந்து கூகுளின் பொது ரிசால்வரான 8.8.8.8 பழையதைச் சொன்னால், பதிலில் உள்ள டிடிஎல் எண்ணைப் பாருங்கள். இன்னும் எத்தனை விநாடி பாக்கி என்று அதுவே காட்டும். (பெரிய ரிசால்வர்களில் பல கேஷ்கள் உண்டு, எண் முன்பின் தாவினால் பதற வேண்டாம்.)

எல்லாம் சரியாக இருந்தும் பாதிப் பேருக்குப் பழைய தளம் தெரிந்ததற்குக் காரணம் ‘ஏஏஏஏ’ ரெக்கார்டு, அதாவது தளத்தின் ஐபிவி6 (புதுவகை, நீளமான ஐபி) முகவரி. பழைய ஹோஸ்டிங்கின் கன்ட்ரோல் பேனல் அதைத் தானாகவே போட்டு வைத்திருந்தது. ஏ ரெக்கார்டு புது சர்வரைக் காட்ட, இது மட்டும் பழைய சர்வரையே காட்டிக்கொண்டிருந்தது. ஐபிவி6 உள்ள இணைப்பில் பிரவுசர் பெரும்பாலும் அந்த வழியைத்தான் முதலில் பிடிக்கும். அதனால்தான் கைபேசி டேட்டாவில் பழசு, வைஃபையில் புதுசு என்ற குழப்பம். கேஷை எத்தனை முறை அழித்தாலும் இது மாறாது.

சர்டிஃபிகேட் கிடைக்காததற்கும் இதே ரெக்கார்டுதான் காரணம். சர்டிஃபிகேட்டை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்கிரிப்ட், தளம் உங்களுடையதா என்று பார்க்க 80-ஆம் போர்ட்டில் சோதனை ஃபைலைத் தேடும்போது ஐபிவி6 முகவரி இருந்தால் முதலில் அங்கேதான் போகும். இணைப்பே கிடைக்காமல் டைம்-அவுட் ஆனால்தான் ஐபிவி4-க்குத் திரும்பும். பழைய சர்வர் உயிரோடு இருந்து ‘404’ (ஃபைல் இல்லை) என்று பதில் சொல்லிவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. பிழைச் செய்தியை முழுக்கப் படியுங்கள். எந்த ஐபியிலிருந்து அந்த 404 வந்தது என்று அதிலேயே இருக்கும். புள்ளிகளுக்குப் பதிலாக முக்காற்புள்ளிகள் உள்ள முகவரி தெரிந்தால் திருடன் கிடைத்துவிட்டான். அந்த ரெக்கார்டை அழித்தாலோ புது சர்வரின் ஐபிவி6 முகவரியைப் போட்டாலோ போதும். கோபத்தில் திரும்பத் திரும்ப முயலாதீர்கள்: ஒரு பெயருக்கு ஒரு மணி நேரத்தில் 5 தோல்வி ஆனால் கதவை அடைத்துவிடுவார்கள். சர்டிஃபிகேட் எடுத்துத் தரும் செர்ட்பாட் நிரலில் ‘டிரை ரன்’ (ஒத்திகை) வைத்து ஓட்டினால் அது சோதனைச் சர்வரோடு பேசும், இந்தக் கணக்கில் சேராது.

அடுத்த தலைவலி மெயில். மெயில் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டைத் தொடவே இல்லையே என்று நிம்மதியாக இருக்கக் கூடாது. அது எந்தப் பெயரைக் காட்டுகிறது என்று பாருங்கள். வெறும் டொமைன் பெயரையே காட்டினால், ஏ ரெக்கார்டை மாற்றிய கணமே மெயிலும் புது சர்வருக்குப் போகத் தொடங்கும். அங்கே மெயில் சர்வரே ஓடவில்லை என்றால் அனுப்பியவரின் சர்வர் வரிசையில் வைத்து மறுபடி முயலும், நேரம் கிடைக்கும். மெயில் சர்வர் ஓடி, அப்படியொரு பெட்டி இல்லை என்றால் 550 சொல்லி உடனே திருப்பியனுப்பிவிடும். மாற்றத்துக்கு முன்பே ‘மெயில்’ என்று ஒரு சப்டொமைன் உருவாக்கி, பழைய ஐபியை அதற்குக் கொடுத்து, எம்எக்ஸை அதன் பக்கம் திருப்பிவிட்டால் இந்த வம்பே இல்லை. உங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்தச் சர்வர்களுக்கு அனுமதி என்று சொல்லும் எஸ்பிஎஃப் ரெக்கார்டையும் அப்போதே பாருங்கள். ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும், இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது.

பிறகு பிரவுசர். வாசகருக்கும் சர்வருக்கும் நடுவே நின்று பக்கங்களைக் கொடுக்கும் சிடிஎன் சேவை நம் சர்வரோடு எச்டிடிபியில் பேசுகிறது, சர்வரோ ‘எச்டிடிபிஎஸ்ஸுக்குப் போ’ என்று திருப்பியனுப்புகிறது. இரண்டும் பந்து விளையாடும். குரோம் 20 முறை சுற்றிவிட்டு ‘ரீடைரக்ட் அதிகம்’ என்று கைவிடும். சர்வரில் உள்ள விதியை நீக்க வேண்டாம். சிடிஎன் சர்வர்வரை எச்டிடிபிஎஸ்ஸிலேயே, சர்டிஃபிகேட்டைச் சரிபார்த்துப் போகும்படி அமைப்பை மாற்றுங்கள். சரிசெய்த பிறகும் உங்கள் திரையில் மட்டும் சுற்றினால் அது 301-இன் வேலை. அது நிரந்தர ரீடைரக்ட் என்பதால் பிரவுசர் நினைவில் வைத்துக்கொண்டு சர்வரைக் கேட்பதே இல்லை. சோதிக்கும்வரை 302 (தற்காலிக ரீடைரக்ட்) வைத்துக்கொண்டு, எல்லாம் நிலைத்த பிறகு 301 ஆக்குங்கள். உங்கள் கேஷை நீங்கள் அழிக்கலாம். வந்து போன வாசகரின் கேஷை யார் அழிப்பது?

இதைவிடப் பிடிவாதமானது எச்எஸ்டிஎஸ், அதாவது ‘இனி எச்டிடிபிஎஸ்ஸில் மட்டுமே வா’ என்று பிரவுசருக்குச் சொல்லும் கட்டளை. புது பேனலில் ஒரு கட்டத்தில் சரிக்குறி போடுவது மட்டும்தான், பார்க்க அப்பாவியாக இருக்கும். 31536000 விநாடி, அதாவது ஒரு வருடம், சப்டொமைன்களும் சேர்த்து என்று அனுப்பிவிட்டால், சர்டிஃபிகேட் இல்லாத சப்டொமைன் எல்லாம் அடைபடும். எச்சரிக்கையைத் தாண்டிப் போகும் பட்டன்கூட வராது. முதலில் 300 விநாடி வைத்துப் பாருங்கள், சப்டொமைன்களைச் சேர்க்காதீர்கள். ஏற்கெனவே போய்விட்டிருந்தால், செல்லுபடியாகும் சர்டிஃபிகேட்டோடு காலத்தைப் பூஜ்யமாக அனுப்ப வேண்டும்; ஒவ்வொரு வாசகரும் ஒரு முறை திரும்பி வந்தால்தான் அவருக்குப் பழையது நீங்கும்.

வேர்ட்பிரஸ் டேட்டாபேஸில் பழைய எச்டிடிபி முகவரிகளை நேரடி எஸ்க்யூஎல் வைத்து எச்டிடிபிஎஸ்ஸாக மாற்றச் சொல்லும் யோசனைகள் நிறைய உலாவுகின்றன. செய்யாதீர்கள். விட்ஜெட், தீம் அமைப்புகள் சீரியலைஸ் செய்து சேமிக்கப்பட்டவை. முகவரி 18 பைட் என்றால் அதற்கு முன்னால் 18 என்று எழுதியிருக்கும். ஒரு ‘எஸ்’ சேர்ந்து 19 ஆனதும் எண் பொருந்தாமல் அந்த அமைப்பு முழுவதும் படிக்க முடியாமல் போகும். வேர்ட்பிரஸ்ஸின் கட்டளைவரிக் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐயின் தேடி-மாற்றும் கட்டளை அந்த எண்ணையும் சேர்த்துத் திருத்தும். அதிலும் டிரை ரன் உண்டு.

கடைசியாக, 90 நாள் சர்டிஃபிகேட். அது தானாகப் புதுப்பிக்கப்பட்டு டிஸ்க்கில் புது ஃபைல் இருக்கும், ஆனால் வெப் சர்வர் நிரலான என்ஜின்எக்ஸை ரீலோட் செய்யாவிட்டால் நினைவகத்தில் உள்ள பழையதையே நீட்டும். புதுப்பித்ததும் தானாக ஓடும் செர்ட்பாட்டின் டிப்ளாய் ஹூக்கில் ரீலோட் கட்டளையைப் போட்டுவிடுங்கள். ஃபைலின் தேதியைப் பார்த்துத் திருப்தி அடையாமல், ஓபன்எஸ்எஸ்எல் கட்டளை வைத்து, எச்டிடிபிஎஸ்ஸுக்கான 443-ஆம் போர்ட்டில் இணைந்து சர்வர் உண்மையில் எதைக் கொடுக்கிறது என்று பாருங்கள். காலாவதி பற்றி மெயில் அனுப்புவதை லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூனிலேயே நிறுத்திவிட்டது. தினமும் அந்தத் தேதியைச் சோதித்து, 20 நாளுக்குக் குறைந்தால் தகவல் அனுப்பும், குறித்த நேரத்தில் தானாக ஓடும் ஒரு கிரான் வேலையை இப்போதே போட்டு வையுங்கள்.